அசையாத உடலின் பசி

"வெறுமனே படுத்துக் கிடப்பவருக்கு எவ்வளவு ஆகாரம் வேண்டியிருக்கும்? கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் போதாதா?"

இந்தக் கேள்வி என் தங்கையின் வீட்டிலேயே எழுந்தது. கேட்டவர்கள் கல்நெஞ்சம் படைத்தவர்கள் அல்லர். நோயாளியிடம் உயிரையே வைத்திருந்தவர்கள். அவர்கள் கேட்டது தவறு என்றும் சொல்வதற்கில்லை. உழைப்பவனுக்கு உணவு, ஓய்ந்திருப்பவனுக்கு அதில் பாதி என்றுதானே நாம் எல்லோரும் கணக்கு வைத்திருக்கிறோம்? அந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது என்பதை நாங்கள் பட்டறிந்துதான் தெரிந்துகொண்டோம். நம் சங்கத்துக் குடும்பங்களில் வேறு எவரும் அவ்வாறு பட்டறிய வேண்டாம் என்பதே இக்கட்டுரையை எழுதுவதன் நோக்கம்.

என் தங்கையின் கணவர் தில்லியில் அலுவல் பார்த்து வந்தவர். அப்பொழுது வயது நாற்பத்தைந்து. ஒருநாள் மாலை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். ஏழு வாரங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாவது வாரத்தில் கண் திறந்தார். ஆனால் எவரையும் பார்க்கவில்லை. இரவில் உறங்கினார், பகலில் விழித்திருந்தார், அழைத்தால் திரும்பவில்லை. மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாயுடன் அவரை வீட்டிற்கு அனுப்பிவைத்தார்கள். உடன் தந்த தாளில், மூன்று மணிக்கு ஒரு முறை ஒரு 'கட்டோரி' திரவ ஆகாரம் என்று எழுதியிருந்தது. எந்த அளவுக் கட்டோரி, என்ன திரவம் என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நினைவின் படிகள்

இத்தகைய நோயாளிகள் எல்லோரையும் 'கோமா' என்ற ஒரே சொல்லால் குறிப்பது நம் வழக்கம். வைத்திய நூலார் அவ்வாறு குறிப்பதில்லை. கோமா என்பது கண்ணே திறவாத நிலை. பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் அது நீடிப்பதில்லை. அதன் பிறகு கண் திறந்து, உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வந்தும், தன்னையோ சூழலையோ உணரும் அறிகுறி ஒன்றும் தோன்றாத நிலை ஒன்று உண்டு. 1972-இல் பிரையன் ஜென்னெட், பிரெட் பிளம் என்ற இரு மருத்துவர்கள் இதனைத் தனியாக எடுத்துக் கூறிப் பெயரிட்டார்கள். அதற்கு மேற்பட்ட படி ஒன்றும் உண்டு: ஒரு சமயம் கண் பொருளைப் பின்தொடரும், மறு சமயம் தொடராது, ஒரு சமயம் சொன்னபடி விரல் அசையும், மறு சமயம் அசையாது. இந்தச் 'சிற்றுணர்வு நிலை' 2002-இல்தான் திட்டமாக வரையறுக்கப்பட்டது.

இப்படிகளைப் பிரித்தறிவது எளிதன்று. உணர்வே இல்லை என்று படுக்கையருகில் நின்று பார்த்து முடிவு செய்யப்பட்டவர்களை முறையான அளவுகோல் கொண்டு மீண்டும் சோதித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேரிடம் உணர்வின் சாயல் இருந்தது என்று 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டிற்று. சொன்னதற்கு உடலால் மறுமொழி காட்டாதவர்களில் நான்கில் ஒருவர், அக்கட்டளையை மூளையளவில் நிறைவேற்றுகிறார் என்று 2024-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று தெரிவிக்கிறது. ஆகவே, 'ஒன்றும் அறியாத உடல்' என்று எவரையும் தள்ளிவைப்பதற்கில்லை. திரும்பி வரக்கூடிய ஒருவருக்காக அவ்வுடலைக் காத்து வைத்திருக்கிறோம் என்ற எண்ணத்தோடுதான் பணிபுரிய வேண்டும். காப்பதற்கு முதற்பொருள் உணவு.

ஓய்விலும் எரியும் அடுப்பு

நாம் உண்பதில் பெரும்பகுதி கை கால்களை அசைப்பதற்குச் செலவாகிறது என்று நினைக்கிறோம். உண்மை அதுவன்று. இதயம் துடிக்கவும், நுரையீரல் விரிந்து சுருங்கவும், கல்லீரலும் சிறுநீரகமும் தம் கடமையைச் செய்யவும், உடலின் சூடு குறையாதிருக்கவும் ஆகும் செலவே, நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் ஒருவரின் அன்றாடச் செலவில் பாதிக்கும் மேற்பட்டது. இந்த அடுப்பு உறங்கும்போதும் அணைவதில்லை. நினைவு தப்பியபோதும் அணைவதில்லை.

இச்செலவை அளக்க முடியும் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியே. 1780-களில் அவரும் லாப்லாஸும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் சிறு பிராணி ஒன்றை வைத்து, அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனி உருகுகிறது என்று கண்டார்கள். உயிர் வாழ்தல் என்பது ஒருவகை எரிதலே என்பது அதனால் விளங்கியது. எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். எரிந்தால் கரியமில வாயு வெளிவரும். ஆகவே, ஒருவர் உள்ளே இழுக்கும் பிராணவாயுவையும் வெளியே விடும் கரியமில வாயுவையும் அளந்துவிட்டால், அவருடைய உடல் எத்தனை கலோரி செலவிடுகிறது என்று சொல்லிவிடலாம். இன்றும் இதுவே மிகச் சரியான முறை. நோயாளியின் தலைமீது கண்ணாடிபோலத் தெளிந்த கவிகை ஒன்றைக் கவிழ்த்து, அரைமணி நேரம் மூச்சை அளக்கிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, நோயாளியின் ஒத்துழைப்பும் வேண்டியதில்லை. ஆனால் இக்கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை.

கருவி இல்லாத இடத்தில், ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இருவர் 1919-இல் வெளியிட்ட சூத்திரம் இன்னமும் கைகொடுக்கிறது. எடை, உயரம், வயது, ஆணா பெண்ணா என்ற நான்கு விவரங்களைக் கொண்டு, முழு ஓய்வில் ஆகும் செலவை அது மதிப்பிடுகிறது. 170 சென்டிமீட்டர் உயரமும் 54 கிலோ எடையும் உள்ள நாற்பத்தைந்து வயது ஆணுக்கு அச்சூத்திரப்படி நாளொன்றுக்குச் சுமார் 1,355 கலோரி ஆகும். விரலைக்கூட அசைக்காமல் கிடப்பதற்கே இவ்வளவு என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

மூளை குன்றினால் செலவும் குன்றுமா?

நம் மூளை உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான்; ஓய்வுநிலைச் செலவிலோ அது ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. உணர்வற்ற நிலையில் மூளையின் இந்தச் செலவு வழக்கமான அளவில் பாதியோ, அதற்கும் குறைவாகவோ ஆகிவிடுகிறது. மூளையின் புறப்பகுதி வழக்கமான அளவில் 42 சதவீதத்திற்கு மேல் சர்க்கரையைச் செலவிடுகிற நோயாளிகள், உணர்வின் அறிகுறி உடையவர்களாகவோ ஓராண்டுக்குள் அதனைப் பெறுகிறவர்களாகவோ இருந்தார்கள் என்று 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. நினைவுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையும் கலோரியில்தான் என்பது வியப்புக்குரிய செய்தி. ஆனால் கூடுதலாக உணவைச் செலுத்தினால் மூளை விழித்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

அதேபோல், மூளையின் செலவு பாதியாயிற்று, எனவே உணவையும் பாதியாக்கலாம் என்பதும் பிழை. மேற்சொன்ன 1,355 கலோரியில் மூளையின் பங்கு சுமார் 270. அதில் பாதி குறைந்தாலும் மிச்சமாவது 135 கலோரிதான்: இரண்டு இட்லிகளின் அளவு! மற்ற உறுப்புகள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்வதில்லை.

காலத்திற்கு ஏற்ப மாறும் கணக்கு

அடிபட்ட முதல் வாரங்களில் நிலைமை முற்றிலும் வேறு. தலையில் பலத்த காயம் பட்டதும் உடல் முழுவதும் தீப்பற்றியதுபோல் ஆகிறது. ஓய்வுநிலைச் செலவு சராசரியாக 40 சதவீதம் உயர்கிறது. சிலரிடம் இருமடங்கையும் எட்டுகிறது. உடல் தன் தசையையே விறகாக எரித்துக்கொள்கிறது. இதனால்தான், ஐந்தாம் நாளுக்குள், கடைசியாக ஏழாம் நாளுக்குள்ளாவது, ஓய்வுநிலைத் தேவை முழுவதையும் உணவாகச் செலுத்திவிட வேண்டும் என்று மூளைக்காயச் சிகிச்சை நெறிகள் வற்புறுத்துகின்றன.

பின்னர் தீ தணிகிறது. மறுவாழ்வுச் சிகிச்சைக்கு வரும் காலத்தில் பலருடைய செலவு சூத்திரம் கூறும் அளவை ஒட்டியே நிற்கிறது; தசை வெகுவாகக் கரைந்தவர்களிடம் அதற்கும் கீழே இறங்குகிறது. எனினும் எல்லோருக்கும் ஒரே அளவு என்று எண்ணிவிடலாகாது. கை கால்கள் இறுகி முறுக்கிக் கொண்டிருப்பவர், அசையாதவர்போல் தோன்றினும் ஓயாது உழைக்கிறவரே. சிலருக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டும், இதயம் விரையும், மூச்சு வாங்கும், உடல் வில்லாக வளையும். நரம்பு மண்டலம் கட்டவிழ்ந்து எழுப்பும் இப்புயல் வீசும் நாட்களில் செலவு மிகவும் ஏறும். காய்ச்சல் ஒரு செல்சியஸ் பாகை கூடினால் செலவு பத்து சதவீதத்திற்கு மேல் கூடும். படுக்கைப்புண் இருந்தால் அது ஆறுவதற்கும் உணவு வேண்டும்: எடையில் ஒரு கிலோவுக்கு 30 முதல் 35 கலோரியும், 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதமும் தருவது முறை. ஆக, இங்கே வேண்டுவது ஒருமுறை எழுதித் தந்த எண் அன்று. மாதந்தோறும் திருத்தி எழுதப்படும் எண்.

வயிறு நிறைந்தது, உடல் மெலிந்தது

மீண்டும் என் தங்கை வீட்டிற்கு வருகிறேன். அவள் மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும் எழுந்து, ஒரு வேளையும் தவறாமல் 200 மில்லி செலுத்தி வந்தாள். எட்டு வேளைக்கு 1,600 மில்லி! அளவைக் கேட்டவர்கள் வயிறாரத்தான் கொடுக்கிறாள் என்றார்கள். இரண்டு மாதங்களில் அவருடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது; முதுகின் அடியில் புண் கண்டது. 66 கிலோவாக இருந்தவர், சக்கர நாற்காலியோடு நிறுத்துப் பார்த்தபோது 54 கிலோ இருந்தார். புண்ணைப் பார்க்க வந்த தாதி சொல்லித்தான் உணவியல் வல்லுநர் ஒருவரை அழைத்தோம். ஹிந்தி பேசும் அந்த அம்மையார் முதலில் கேட்டது, "பஹன்ஜி, நேற்று கொடுத்தது அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்" என்பதுதான்.

குழாய் அடைத்துக்கொள்ளும் என்ற அச்சத்தால் தங்கை எல்லாவற்றையும் நீர்க்கச் செய்திருந்தாள். அரிசிக் கஞ்சி மூன்று வேளை. வேளைக்கு 15 கிராம் அரிசி, அதாவது 50 கலோரி. பாதி நீர் கலந்த பசும்பாலில் இரண்டு கரண்டிச் சர்க்கரை, மூன்று வேளை. வேளைக்கு 110 கலோரி. வடிகட்டிய பருப்புத் தண்ணீர் ஒரு வேளை. பருப்பு வடிகட்டியிலேயே தங்கிவிட்டபடியால் 30 கலோரி. இளநீர் ஒரு வேளை, 40 கலோரி. கூட்டினால் 550. அவருக்கு வேண்டியதோ, ஓய்வுநிலைச் செலவோடு புண்ணுக்கும் இறுக்கத்திற்குமாகச் சேர்த்துச் சுமார் 1,650. மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே சென்றிருந்தது. வயிறு நீரால் நிறைந்திருந்தது. உடல் பட்டினி கிடந்தது. பசிக்கிறது என்று சொல்ல அவருக்கு வாயில்லை.

"அண்ணா, ஒரு வேளையும் நான் தவறவிடவில்லையே" என்று தங்கை அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் தவறவிடவில்லை என்பது முழு உண்மை. தவறியது அன்பு அன்று, அளவு.

குன்னூர் தந்த கணக்கு

அந்த அம்மையார் கையில் வைத்திருந்த உணவு அட்டவணையின் வரலாறு நம்மவர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடியது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறிய ஆராய்ச்சிப் பிரிவே பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்த முதல் வெளியீடுகளும் குன்னூரில் பிறந்தவைதாம். அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி, பருப்புக்கு 330, எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 என்று இன்று நாடெங்கும் போடும் கணக்கின் வேர் அங்கே இருக்கிறது.

இக்கணக்கைக் கொண்டு உணவு மாற்றியமைக்கப்பட்டது. பாலில் நீர் கலப்பது நின்றது. வறுத்த பயற்றம்பருப்பு மாவும், நன்றாக வேகவைத்த முட்டையும், பால் பொடியும், அளவான எண்ணெயும் சேர்ந்தன. குழாய் அடைக்காமல் கஞ்சியைச் செறிவாக்குவதற்கு வழி எங்கள் சமையலறையிலேயே இருந்தது: முளைகட்டிய கேழ்வரகு மாவு. தானியம் முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்து இளக்கிவிடுகிறது. ஆகவே சாதாரண மாவு களியாக இறுகுகிற அளவிலும் முளைகட்டிய மாவுக் கஞ்சி ஒழுகும் பதத்தில் நிற்கிறது. குழந்தைகளுக்காக நம் பாட்டிமார் செய்துவந்ததற்குள் இவ்வளவு நுட்பம் இருந்திருக்கிறது!

ஓர் எச்சரிக்கை. நாட்பட்ட பட்டினியிலிருந்தவருக்கு முழு உணவை ஒரே நாளில் செலுத்துவது ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலிய உப்புகள் திடீரெனச் சரிந்து இதயத்தையே பாதிக்கலாம். எனவே வைத்தியரின் மேற்பார்வையில், இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, சிறிது சிறிதாகவே உயர்த்தினோம். புரதமும் நாளுக்கு 70 கிராமை எட்டியது. முதுகுப்புண் மூடுவதற்கு மூன்று மாதமாயிற்று.

மிகுதியும் ஒரு பிழை

கதை அத்துடன் முடியவில்லை. எடை ஏறுவதைக் கண்ட மகிழ்ச்சியில் அளவை அப்படியே வைத்திருந்தோம். இதற்கிடையே புண் ஆறிவிட்டது. தசை இறுக்கத்திற்குக் கொடுத்த மருந்தால் கை கால்கள் தளர்ந்தன. இரண்டும் செலவைக் குறைப்பவை. வரவு மட்டும் குறையவில்லை. ஓராண்டின் முடிவில் 72 கிலோ ஆகிவிட்டார். அவரைப் புரட்டிப் படுக்கவைக்கத் தங்கை ஒருத்தியால் முடியவில்லை. சாய்பலகையில் நிறுத்திப் பயிற்சி கொடுக்க இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள். மிகுந்த உணவு தசையாவதில்லை. கொழுப்பாகத் தங்கி, எழுந்து நிற்கவேண்டிய உடலை இன்னும் கனமாக்குகிறது. கரியமில வாயுவை மிகுதியாக்கி நுரையீரலுக்கும் வேலை வைக்கிறது. எனவே புரதத்தைக் குறைக்காமல், கலோரியை மட்டும் 1,450-க்கு இறக்கினார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நாங்கள் கற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும்; முடியாவிட்டால் மேற்கையின் நடுச்சுற்றை நாடாவால் அளந்து எழுதிவைக்கலாம். கட்டோரி, டம்ளர், ஆழாக்கு என்ற அளவுகளை விட்டு, மில்லி குறித்த பாத்திரம் ஒன்றும் சிறிய தராசு ஒன்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு செலுத்தினோம் என்பதோடு, எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம் என்பதையும் நோட்டுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். உணவு கொடுக்கும்போதும், அதன்பின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரையும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் உணவு மேலேறி நுரையீரலில் இறங்கிவிடும். குழாயை முன்னும் பின்னும் காய்ச்சி ஆறிய நீரால் கழுவ வேண்டும். அரைத்த உணவை நெடுநேரம் வெளியே வைக்கலாகாது. காய்ச்சலோ, புண்ணோ, மருந்து மாற்றமோ நேர்ந்தால் உணவின் அளவையும் மாற்ற வேண்டுமா என்று வைத்தியரைக் கேட்க வேண்டும். நாமாக மாற்றக் கூடாது.

இவ்வளவும் நெடுங்காலம் நடக்கக்கூடியதா என்று சிலர் கேட்கலாம். மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் 1973-இல் கொடுமைக்கு ஆளாகி மூளை பாதிக்கப்பட்ட செவிலி அருணா ஷான்பாகை, 2015-இல் அவர் மறையும் வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் அங்குள்ள செவிலியர் தலைமுறை தலைமுறையாகப் பேணினார்கள். மசித்த உணவை நெடுங்காலம் கையாலேயே ஊட்டினார்கள். அத்தனை ஆண்டுகளிலும் அவருக்குப் படுக்கைப்புண் காணவில்லை என்பதை 2011-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு பாராட்டிக் குறிப்பிடுகிறது. நாள்தோறும் அளவோடு செய்யும் பணி எதைச் சாதிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஊரில் இருந்தால் அத்தையும் சித்தியும் மாறிமாறி வந்து உதவுவார்கள். இங்கே வேற்றூரில், மொழி முழுதும் பழகாத இடத்தில், ஒரு பெண் தனியே இரவெல்லாம் விழித்துக் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்குமானால், ஆறுதல் சொல்லப் போகும்போது ஆஸ்பத்திரி தந்த தாளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருப்பதைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். 'எவ்வளவு மில்லி' என்பதோடு நில்லாமல், 'எவ்வளவு கலோரி' என்றும் கேட்கச் சொல்லுங்கள். பழத்தட்டு எடுத்துச் செல்வதைவிட அது பெரிய உதவியாகும்.

என் தங்கையின் கணவர் இன்னும் பேசவில்லை. ஆனால் கடந்த சில மாதங்களாக, அவள் அறைக்குள் நுழைந்து குரல் கொடுத்தால் கண்கள் அவள் பக்கம் திரும்புகின்றன. எல்லா நாளும் அன்று, சில நாள். இது உணவினால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கண்கள் திரும்புகிற நாளில், அவற்றைத் தாங்குவதற்கு ஓர் உடல் மிஞ்சியிருந்தது; அதற்கு மட்டும் அவளுடைய நோட்டுப் புத்தகம் காரணம் என்று நிச்சயமாகச் சொல்வேன்.